சிசேரியனுக்கு முன் தண்ணீர் குடிக்கலாமா? எதை, எவ்வளவு, எத்தனை மணி வரை

சிசேரியனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. "ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்திடுங்க, வெறும் வயித்துல வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகமே வருகிறது. தண்ணீரும் கூடாதா? தொண்டை வறண்டால் ஒரு வாய் குடிக்கலாமா? காலை மாத்திரையை எப்படி விழுங்குவது? எதற்கு வம்பு என்று பலர் முந்தின இரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஆபரேஷன் பகல் 12 மணிக்கு என்றால், இரவு 9 மணியிலிருந்து கணக்குப் போட்டால் 15 மணி நேரம். நிறைமாதத்தில் இருக்கும் ஒருவருக்கு இது தேவையே இல்லாத அவஸ்தை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேறு சிக்கல் எதுவும் இல்லாமல், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் என்றால், தண்ணீர் போன்ற தெளிவான திரவங்களை மயக்க மருந்து கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு வரை அளவாகக் குடிக்கலாம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய மயக்கவியல் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே 2 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. திட உணவுக்குத்தான் 6 மணி நேரம், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாட்டுக்கு 8 மணி நேரம்.

இது பொதுவான கணக்கு. உங்கள் உடம்புக்கு இது பொருந்துமா என்பதை உங்கள் மயக்க மருந்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் வேறு நேரம் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். ஆனால் யாரும் தெளிவாக எதுவும் சொல்லவில்லை என்றால், வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன கேட்பது, எப்படிக் கணக்குப் போடுவது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எதற்காக இந்தக் கட்டுப்பாடு

காரணம் தெரிந்துவிட்டால் விதியைக் கடைப்பிடிப்பது எளிது. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். விழித்திருக்கும்போது அப்படி ஏதாவது போனால் உடனே இருமி வெளியே தள்ளிவிடுவோம். முழு மயக்கத்தில் அந்த இருமல் வராது. வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போனால் அங்கே புண்ணாகி மூச்சுத் திணறல் வரும். திட உணவுத் துணுக்கு என்றால் மூச்சையே அடைத்துவிடலாம்.

1946இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். 1932 முதல் 1945 வரை ஒரே மருத்துவமனையில் நடந்த 44,016 பிரசவங்களைப் பார்த்ததில், 66 பேருக்கு மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இருவர் இறந்தார்கள். இருவருமே திட உணவு மூச்சை அடைத்து இறந்தவர்கள். பிரசவ வலியில் இருப்பவர்களுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்ற கடுமையான பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்று முகமூடி வைத்து, மூச்சுக்குழாயில் பாதுகாப்புக் குழாய் எதுவும் செருகாமலேயே மயக்கம் கொடுத்தார்கள். இன்று திட்டமிட்ட சிசேரியன்களில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் நடக்கின்றன. தாய் விழித்திருக்கிறார், இருமல் வருகிறது, குழந்தையின் அழுகை காதில் விழுகிறது.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமே என்று தோன்றலாம். வேண்டும். முதுகு ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம், திடீரென ரத்தப்போக்கு அதிகமாகலாம். அப்போது முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும். கர்ப்ப காலத்தில் புரொஜெஸ்டிரான் ஹார்மோன் உணவுக்குழாயின் கீழ்ப்பக்க வால்வைத் தளர்த்திவிடுகிறது. பெரிதான கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. நிறைமாதத்தில் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் அவ்வளவு சகஜமாக இருப்பது இதனால்தான். எனவே வயிறு காலியாக இருப்பது முக்கியம், அதில் சமரசம் இல்லை.

தண்ணீரும் சாப்பாடும் வயிற்றில் தங்கும் நேரம் ஒன்றல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சாப்பாட்டை இரைப்பை அரைத்து, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்ப வேண்டும். தண்ணீருக்கு அந்த வேலை எதுவும் இல்லை. வலி இன்னும் தொடங்காத நிறைமாதப் பெண்களுக்கு 300 மி.லி. தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி சுமார் அரை மணி நேரத்துக்குள் இரைப்பையை விட்டுப் போய்விடுகிறது. உடல் எடை அதிகமான கர்ப்பிணிகளிடமும் தண்ணீர் வேகமாகவே இறங்கியது. 2 மணி நேர இடைவெளி என்பது இதையெல்லாம் பார்த்து, போதுமான பாதுகாப்பையும் சேர்த்து வைத்த கணக்கு.

பிரசவ வலி தொடங்கிவிட்டால் இரைப்பை காலியாவது மெதுவாகிவிடும். வலிக்கான ஓபியாய்டு (மார்ஃபின் வகை) ஊசி போட்டிருந்தால் இன்னும் மெதுவாகும். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் நேரங்கள் எல்லாம் வலி வராமல், குறித்த நாளில் நடக்கும் சிசேரியனுக்கு மட்டும்தான்.

முதல் வேலை: கேட்டு, எழுதி வாங்குவது

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு ரத்தப் பரிசோதனைக்கும் மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பதற்கும் வரச் சொல்வார்கள். அன்று எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். நீங்கள் கேட்க நினைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும். அதனால் கேள்விகளை முன்னதாகவே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கூட வருபவரிடமும் சொல்லிவையுங்கள்.

கேட்க வேண்டியவை இவை: கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்? கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கலாம்? தண்ணீரைத் தவிர வேறு என்ன குடிக்கலாம்? அன்று காலை எந்த மாத்திரையைப் போடலாம், எதை விடலாம்? ஆபரேஷன் தள்ளிப்போனால் யாரிடம் கேட்க வேண்டும்?

முதல் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். "எப்போதிலிருந்து வெறும் வயிற்றில் இருக்கணும்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், "ராத்திரி 12 மணியிலிருந்து" என்று ஒரே பதில்தான் வரும். சாப்பாட்டுக்கு ஒரு நேரம், தண்ணீருக்கு ஒரு நேரம் என்று இரண்டு கடிகார நேரங்களை வாங்கி, அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "2 மணி நேரம் முன்பு வரை" என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம். எதற்கு 2 மணி நேரம் முன்பு? மருத்துவமனைக்கு வரும் நேரத்துக்கா, தியேட்டருக்குள் போகும் நேரத்துக்கா? "காலை 6 மணி வரை தண்ணீர்" என்பதைப் போல மணியாகவே சொல்லச் சொல்லுங்கள்.

அவர்கள் தண்ணீரும் நள்ளிரவோடு நிறுத்தம் என்று சொன்னால், பணிவாக ஒரு முறை காரணம் கேட்பதில் தவறில்லை. "டாக்டர், எனக்குத் தனியா ஏதாவது காரணம் இருக்கா, இல்ல எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று கேளுங்கள். உங்கள் உடல்நிலை காரணமாக அப்படிச் சொல்லியிருந்தால் விளக்குவார்கள். பழக்கத்தால் சொன்னதாக இருந்தால், பல டாக்டர்கள் அந்த இடத்திலேயே நேரத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கேட்ட பிறகும் மாற்றவில்லை என்றால் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். அந்த மருத்துவமனையில் உங்கள் ஆபரேஷன் நேரம் முன்னே பின்னே மாறக்கூடும் என்பதால்கூட அவர்கள் அப்படி வைத்திருக்கலாம்.

எது தெளிவான திரவம்

ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து தெரிந்தால் அது தெளிவானது. நிறம் இருக்கலாம், கலங்கல் இருக்கக் கூடாது. வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பால் கலக்காத கடுங்காப்பி கறுப்பாக இருப்பதால் எழுத்து தெரியாதே என்று கேட்கலாம். அதற்கு மட்டும் விதிவிலக்கு, அது தெளிவான திரவப் பட்டியலில்தான் இருக்கிறது.

தண்ணீர்தான் முதல் தேர்வு. பால் ஊற்றாத டீ, கடுங்காப்பி, சக்கை இல்லாமல் நன்றாக வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவையும் சேர்த்தி. டீயிலும் காப்பியிலும் சர்க்கரை போடலாம், சுகர் இல்லாதவர்களுக்கு. சோடா வகைகள் தெளிவாக இருந்தாலும் வயிறு உப்பி ஏப்பம் வரும். ஏற்கெனவே எதுக்களிப்பு இருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பால்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. குடிப்பதால் அதை எல்லோரும் திரவம் என்றே நினைக்கிறோம். வயிற்றுக்குள் போனதும் அமிலம் பட்டுத் திரிந்து கட்டியாகிவிடும். அதனால் பாலைத் திட உணவுக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்: 6 மணி நேரம். பால் டீ, பால் காப்பி, சத்துமாவு கலந்த பானம், மில்க் ஷேக் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். பால் கலக்காவிட்டாலும், சக்கையோடு இருக்கும் பழச்சாறும் சூப்பும் கூடாது. சூயிங்கம், மிட்டாய் எதுவும் வேண்டாம். தியேட்டருக்குப் போகும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது. மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அளவு எவ்வளவு? வழிகாட்டுதல்கள் கர்ப்பிணிகளுக்கு "அளவாக" என்றுதான் சொல்கின்றன. ஒரு தடவைக்கு ஒரு தம்ளர், 200 முதல் 250 மி.லி. வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிஷத்தில் ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்வது வேண்டாம். அது வயிற்றைத்தான் நிரப்பும். வழியெல்லாம் பாத்ரூம் தேட வேண்டிவரும்.

சில மருத்துவமனைகளில் மாவுச்சத்துப் பானம் என்று ஒரு பாட்டிலோ பொடியோ கொடுப்பார்கள். சுமார் 400 மி.லி. பானத்தில் 50 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்பு குடித்து முடிக்கச் சொல்வார்கள். சிசேரியனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடமாட உதவும் நடைமுறைகளைத் தொகுத்து 2018இல் வந்த சர்வதேசப் பரிந்துரைகளில், சுகர் இல்லாதவர்களுக்கு இதுவும் இடம்பெற்றது. கொடுத்தால் குடியுங்கள். கொடுக்கவில்லை என்றால் தேடி அலைய வேண்டியதில்லை, தண்ணீரே போதும். கடையில் விற்கும் புரதப் பானத்தை அதற்குப் பதிலாகக் குடித்துவிடாதீர்கள்.

கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

ஆபரேஷன் காலை 9 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி எண்ணினால் தண்ணீருக்குக் கடைசி நேரம் 7 மணி. லேசான சாப்பாட்டுக்குக் கடைசி நேரம் அதிகாலை 3 மணி. அந்த நேரத்தில் எழுந்து யாரும் சாப்பிடப்போவதில்லை, ஆக முந்தின இரவுச் சாப்பாடுதான் கடைசிச் சாப்பாடு. 6 மணிக்கு எழுந்து பால் இல்லாத டீ ஒரு தம்ளர். குளித்துக் கிளம்பி, 6.45க்கு மாத்திரையோடு ஒரு தம்ளர் தண்ணீர். 7 மணிக்குத் தம்ளரைக் கீழே வைத்தாயிற்று.

பகல் 2 மணிக்கு என்றால் கதை வேறு. காலை 7 மணிக்குள் லேசான டிபன், எண்ணெய் இல்லாமல், கொஞ்சமாக. 8 மணிதான் கடைசி எல்லை என்றாலும் ஒரு மணி நேரம் கைவசம் இருக்கட்டும். அப்புறம் 10 மணிக்கு ஒரு தம்ளர், 11.30க்கு ஒரு தம்ளர், 12 மணியோடு முற்றும். இந்த மதிய நேரக்காரர்கள்தான் "ராத்திரி 12 மணியோடு நிறுத்து" என்ற பொது விதியால் மிக அதிகம் கஷ்டப்படுகிறவர்கள். மதியம்தான் ஆபரேஷன் என்று உறுதியானால் காலைச் சாப்பாட்டைப் பற்றி அவசியம் கேளுங்கள்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்களுக்குச் சொன்ன நேரம் 11 மணியாக இருக்கலாம். முதலில் இருந்தவருக்கு ஏதோ காரணத்தால் தள்ளிவைத்து, உங்களை 9 மணிக்கே கூப்பிடலாம். அதனால் எப்போதும் உங்களைக் கூப்பிடக்கூடிய மிக முந்தைய நேரத்திலிருந்துதான் பின்னோக்கி எண்ண வேண்டும். "என் ஆபரேஷன் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கு?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் 6 மணி வரை தண்ணீர் என்று மருத்துவமனைகள் பொதுவாக வைப்பதும் இதனால்தான். அதில் நியாயம் இருக்கிறது.

பிரிட்டனில் பல மருத்துவமனைகள் ஒரு படி மேலே போய், தியேட்டருக்குக் கூப்பிடும் வரை சிறு மடக்குகளாகத் தண்ணீர் குடிக்க அனுமதிக்கின்றன. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் அவர்களே அளவு குறித்த கப்பைக் கையில் கொடுப்பார்கள். அப்படிச் சொல்லாத இடத்தில் நீங்களாக அதைச் செய்ய வேண்டாம்.

முந்தின நாளும் அன்று காலையும்

முந்தின நாள் பகல் முழுக்கத் தாகத்துக்குத் தகுந்தபடி நன்றாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நாளைக்குக் குடிக்க முடியாதே என்று இன்றே லிட்டர் கணக்கில் குடித்துவைப்பதில் பயன் இல்லை. மிகையாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும் அபாயம்கூட உண்டு. இரவுச் சாப்பாடு சீக்கிரமாக, எளிதாகச் செரிப்பதாக இருக்கட்டும். பொரித்ததும் கொழுப்பு மிகுந்ததும் அன்றைக்கு வேண்டாம். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுங்கள். இரவில் எழும்போது தாகமாக இருந்தால் குடிக்கலாம்.

செல்போனில் இரண்டு அலாரம் வைப்பது பெரிய உதவி: கடைசித் தம்ளர் குடிப்பதற்கு ஒன்று, நிறுத்த வேண்டிய நேரத்துக்கு ஒன்று. முதல் அலாரத்தை வைக்க மறந்தவர்கள் கிளம்பும் பரபரப்பில் குடிக்காமலேயே போய்விடுவார்கள்.

காலை மாத்திரைகளைப் பொறுத்தவரை, தைராய்டு மாத்திரையும் பெரும்பாலான பி.பி. மாத்திரைகளும் வழக்கம்போல ஒரு மடக்குத் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். ஆஸ்துமா இன்ஹேலரை விடக் கூடாது. இன்சுலின், சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, இந்த மூன்றுக்கும் மட்டும் நீங்களாக எந்த முடிவும் எடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியை எப்போது கடைசியாகப் போட்டீர்கள் என்பதை வைத்துத்தான் முதுகில் ஊசி போடலாமா என்று தீர்மானிப்பார்கள். அந்த நேரத்தைக் குறித்துக் கொண்டுபோங்கள்.

வாய் கொப்பளிக்கலாம், பல் துலக்கலாம். தண்ணீர் நிறுத்திய பிறகும் இதற்குத் தடை இல்லை. உதடு வறண்டால் ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் தள்ளிப்போனால்

இந்தப் பகுதியைக் கூட வருபவர் கட்டாயம் படிக்க வேண்டும். பிரசவ வார்டில் அவசர சிசேரியன் ஒன்று வந்துவிட்டால் நாள் குறித்து வந்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் 9 மணி 11 ஆகி, 11 மணி 1 ஆகும்போது, 7 மணிக்குக் குடித்த தண்ணீரோடு ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். வார்டில் யாரும் வேண்டுமென்று அவரைத் தாகத்தில் விடுவதில்லை. கேட்கவில்லை என்பதால் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தாமதம் என்று தெரிந்ததும் நர்ஸிடம் போய்த் தெளிவாகக் கேளுங்கள்: "சிஸ்டர், இவங்க கடைசியா காலையில 7 மணிக்குத் தண்ணி குடிச்சாங்க. ஆபரேஷன் எப்போ எடுப்பாங்கன்னு தெரிஞ்சா, இப்போ ஒரு தம்ளர் தண்ணி குடுக்கலாமான்னு மயக்க மருந்து டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" கடைசியாகக் குடித்த நேரத்தையும் கேள்வியையும் சேர்த்துச் சொல்வதால் அவர் அப்படியே டாக்டரிடம் போனில் கேட்டுவிட முடியும். இன்னும் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால் பெரும்பாலும் சரி என்றே சொல்வார்கள். நேரம் நிச்சயமில்லை என்றால் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். அரை நாளே தள்ளிப்போகிறது என்றால் லேசாகச் சாப்பிடக்கூட அனுமதிக்கலாம். பதில் எதுவானாலும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கேட்காமல் குடித்துவிட்டால், அடுத்த கால் மணியில் தியேட்டர் காலியாகி உங்களைக் கூப்பிடும்போது மறுபடியும் தள்ளிவைக்க நேரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படிக் கேட்பது தொந்தரவு செய்வதாகாது. நீண்ட நேரம் குடிக்காமல் இருந்தால் தலைவலி, குமட்டல், எரிச்சல் எல்லாம் வரும், கையில் நரம்பு கிடைக்காமல் ஊசி குத்தவும் சிரமப்படுவார்கள். குழந்தை பட்டினி கிடக்குமோ என்று பயப்பட வேண்டாம். தாய் சில மணி நேரம் சாப்பிடாததால் நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கஷ்டம் தாய்க்குத்தான். அதையும் பொருட்படுத்த வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முதுகு ஊசிக்குப் பிறகு பி.பி. இறங்குவது சகஜம். நிறையத் தண்ணீர் குடித்துப் போனால் அது இறங்காது என்று நம்பிவிடாதீர்கள். அதைச் சமாளிக்க அங்கே டிரிப்ஸும் மருந்தும் தயாராக இருக்கும்.

தவறிக் குடித்துவிட்டால்

வீட்டில் யாரோ பரிவாகப் பால் டீ போட்டுக் கொடுக்க, பாதித் தூக்கத்தில் குடித்துவிடுவது நடக்கக்கூடியதுதான். வாங்கிய திட்டு போதும் என்று அதை மறைத்துவிடாதீர்கள். போனதும் சொல்லுங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. அதிகபட்சம் சில மணி நேரம் தள்ளிவைப்பார்கள். சில இடங்களில் ஸ்கேன் கருவியை மேல்வயிற்றில் வைத்து இரைப்பையில் ஏதாவது இருக்கிறதா என்று நேரிலேயே பார்த்து முடிவு செய்வார்கள். மறைத்துவிட்டு முழு மயக்கத்துக்குப் போக நேர்ந்தால்தான் உண்மையான ஆபத்து. அனுமதித்த நேரம் தாண்டி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருந்தாலும் இதே போலச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அது ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

யாருக்கு வேறு கணக்கு

சுகர் இருப்பவர்கள், கர்ப்ப காலத்தில் வந்த சுகரானாலும் சரி, மருந்து, பானம், நேரம் மூன்றையும் தனியாகக் கேட்க வேண்டும். தண்ணீரில் தடை இருக்காது. ஜூஸும் மாவுச்சத்துப் பானமும் சுகரை ஏற்றிவிடும், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இன்னும் ஏறும். முடிந்தால் காலைப் பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். மறுபக்கம், வெறும் வயிற்றில் சுகர் இறங்கவும் கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சுகரைச் சோதித்துப் பார்த்து, மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். குறைந்திருந்தால் என்ன குடிக்க வேண்டும், எவ்வளவு என்பதை முன்பே கேட்டு வைத்திருங்கள். அது பால் இல்லாத, தெளிவான இனிப்பு ஜூஸாக இருப்பது வசதி.

பி.பி. ஏறிக் கை கால் வீங்கி முன்சூல்வலிப்பு என்று சொல்லப்பட்டவர்களுக்கு மொத்தத் திரவத்துக்கே அளவு வைத்திருப்பார்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் அப்படித்தான். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்து முழு மயக்கம் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தாலோ, இரைப்பையில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தாலோ, கடுமையான எதுக்களிப்பும் வாந்தியும் தொடர்ந்து இருந்தாலோ 2 மணி நேரக் கணக்கை நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டால், பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், சாப்பிடுவதை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்து, அசைகிறதா என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

தியேட்டருக்குள் போகும் முன்

வயிற்று அமிலத்தைக் குறைக்க முந்தின இரவும் அன்று காலையும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கலாம். அதை மறக்காமல் போடுங்கள். கிளம்பும் நேரத்தில் சிறிய கப்பில் 30 மி.லி. அளவுக்கு சோடியம் சிட்ரேட் என்ற மருந்தைக் குடிக்கச் சொல்லலாம். புளிப்பும் உப்புமாக, வாய்க்குப் பிடிக்காத சுவை. 2 மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்றீர்களே, இது என்ன என்று திகைக்க வேண்டாம். இரைப்பையில் மிச்சமிருக்கும் அமிலத்தின் வீரியத்தைச் சில நிமிஷங்களில் தணிப்பதற்காகத்தான் அது. ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள், மேலே தண்ணீர் குடிக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு

இங்கேயும் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது: வாயு பிரியும் வரை தண்ணீர் கிடையாது என்பது. சிக்கல் இல்லாத சிசேரியனுக்கு அந்தக் காத்திருப்பு அவசியமில்லை. முதுகு ஊசியில் நடந்திருந்தால், குமட்டல் இல்லாமல் விழிப்பாக இருக்கும்போது, கவனிப்பு அறையிலேயே சிறு மடக்குகளாகத் தண்ணீர் ஆரம்பிக்கலாம். 2018 பரிந்துரைகள் 2 மணி நேரத்துக்குள் சாப்பாடே கொடுக்கலாம் என்கின்றன. அங்கும் "இப்போது குடிக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். முதல் மடக்கு வயிற்றில் தங்கிவிட்டால் பத்து நிமிஷம் கழித்து அடுத்தது. குமட்டினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

பால் கொடுக்க உட்காரும்போது கடுமையாகத் தாகம் எடுக்கும். கை எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தையலோடு எழுந்து எடுக்க முடியாது, கூட இருப்பவர் பார்த்து வைக்க வேண்டும். தாகத்துக்கு மேல் வலிந்து குடித்தால் பால் அதிகமாகச் சுரக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. தாகம் தீரக் குடித்தால் போதும்.

சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு முதல் தடவை தானாகச் சிறுநீர் போனதை நர்ஸிடம் சொல்லுங்கள். குடித்துக்கொண்டே இருந்தும் 6 மணி நேரமாகப் போகவில்லை என்றாலோ, வயிறு உப்பிக்கொண்டே வந்து குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, இரவானாலும் தயங்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.